நிறுவனம் நடத்தியவர் மாநிலம் நடத்த வந்தால்

2014 நவம்பர் 4 அன்று அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வாக்குகள் எண்ணப்பட்டபோது, மாநில வரைபடம் ஏறக்குறைய முழுவதும் ஒரே நிறமாகிவிட்டது. மொத்தமுள்ள 102 கவுன்டிகளில் 101-ல் குடியரசுக் கட்சியின் புரூஸ் ரவுனர் முந்தினார். ஐந்தே முக்கால் ஆண்டுகளாக ஆளுநர் நாற்காலியில் இருந்த ஜனநாயகக் கட்சியின் பேட் குயினுக்கு மிஞ்சியது குக் கவுன்டி ஒன்றுதான். சிகாகோ மாநகரம் அந்த ஒன்றுக்குள் இருப்பதால் மாநில அளவிலான வாக்கு வித்தியாசம் நான்கு சதவீதத்தோடு நின்றது. எந்தத் தேர்தலிலும் அதுவரை நிற்காத முதலீட்டு நிறுவன அதிபர் ஒருவர், நாற்பது ஆண்டு அரசியல் அனுபவம் உள்ளவரை வீட்டுக்கு அனுப்பினார்.

அமெரிக்க மாநில ஆளுநர், நம்மூர் ஆளுநரைப் போல நியமிக்கப்படுபவர் இல்லை. நம் முதல்வரைப் போல ஆட்சியை நடத்துபவர். ஆனால் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர். சட்டமன்றத்துக்குத் தனியாக வாக்களிக்கிறார்கள். எனவே ஆளுநர் ஒரு கட்சியாகவும் சட்டமன்றப் பெரும்பான்மை இன்னொரு கட்சியாகவும் இருப்பது அங்கே வழக்கம்தான். நம் முதல்வர் பேரவையில் பெரும்பான்மை இழந்தால் பதவியும் போய்விடும். இல்லினாய் ஆளுநரோ பெரும்பான்மையை ஒருநாளும் கண்ணால் பார்க்காமலே நான்கு ஆண்டுகளைக் கழித்துவிட முடியும். ரவுனருக்கு அதுதான் நடந்தது.

பழைய முகங்கள் மீது வெறுப்பு முற்றும்போதெல்லாம் இப்படியொரு போட்டி உருவாகிறது. ஒரு பக்கம் பதவியில் பழுத்தவர். மறுபக்கம், போதுமான அளவுக்குச் சம்பாதித்துவிட்டதால் தான் யாருக்கும் கடன்பட்டவன் இல்லை என்று சொல்லிக்கொண்டு வரும் தொழிலதிபர். பழகியவரின் தவறுகள் கண்முன் கிடக்கின்றன. புதியவரின் தவறுகள் இன்னும் நடக்கவே இல்லை. புதியவருக்கு இதைவிடப் பெரிய பலம் கிடையாது. இல்லினாயில் அடுத்த நான்கு ஆண்டுகளில் நடந்ததைப் பார்க்கும்போது, பிரச்சாரத்தின்போது யாரும் அழுத்திக் கேட்காத ஒரு கேள்வி எழுகிறது. தன்னால் வேலையை விட்டு நீக்க முடியாத மனிதர்களோடு இவர் எப்படி வேலை செய்வார்?

வாக்காளர்களின் கோபம் நியாயமானது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1999 முதல் 2003 வரை ஆளுநராக இருந்த ஜார்ஜ் ரயான் ஊழல் வழக்கில் 2006-ல் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். அவருக்கு அடுத்து வந்த ராட் பிளகோயெவிச்சை 2008 டிசம்பரில் மத்தியப் புலனாய்வுத் துறையினர் அதிகாலையில் வீட்டில் வைத்துக் கைது செய்தார்கள். பராக் ஒபாமா குடியரசுத் தலைவரானதால் காலியான செனட் இடத்துக்கு ஒருவரை நியமிக்கும் அதிகாரம் ஆளுநரிடம் இருந்தது; அதற்கு விலை பேசினார் என்பது குற்றச்சாட்டு. 2009 ஜனவரி 29 அன்று மாநில செனட் 59-க்கு 0 என்ற வாக்கில் அவரைப் பதவிநீக்கம் செய்தது. அடுத்தடுத்து இரண்டு ஆளுநர்கள் சிறைக்குப் போன மாநிலத்தில் ‘அரசியல் அனுபவம்’ என்ற தகுதிக்கு என்ன மரியாதை மிஞ்சும்?

அன்று துணை ஆளுநராக இருந்து ஆளுநரானவர்தான் குயின். அவர் பிளகோயெவிச்சைப் போன்றவர் இல்லை. அவரது அரசியல் வாழ்வே அமைப்புக்கு வெளியிலிருந்து தொடங்கியது. 1980-ல் மக்களிடம் கையெழுத்து திரட்டி, மாநில அரசமைப்பைத் திருத்தும் வாக்கெடுப்பை நடத்தவைத்து, பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர் எண்ணிக்கையை 177-லிருந்து 118-ஆகக் குறைத்தவர் அவர். மின்சாரம், தொலைபேசிக் கட்டண உயர்வுகளை எதிர்த்து நுகர்வோர் சார்பில் வாதாடும் அமைப்பு 1983-ல் உருவாகவும் அவரே முன்னின்றார். ஆளுநர் தேர்தலில் வென்ற பிறகு, 2011-ல் மரண தண்டனையை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

1980-ன் அந்தத் திருத்தத்தின் பின்கதையையும் சொல்ல வேண்டும். பழைய முறையில் ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று உறுப்பினர்கள். வாக்காளர் தன் மூன்று வாக்குகளையும் ஒருவருக்கே போடலாம். அதனால் சிகாகோவில் சில குடியரசுக் கட்சியினரும், கிராமப்புறங்களில் சில ஜனநாயகக் கட்சியினரும், கட்சித் தலைமைக்குத் தலையாட்டாத சில தனிக்குரல்களும் சபைக்குள் வர முடிந்தது. திருத்தம் அந்த வழியை அடைத்தது. உறுப்பினர்கள் குறைந்தார்கள்; தேர்தல் செலவுக்கும் சீட்டுக்கும் தலைவரையே நம்பியிருப்பவர்கள் கூடினார்கள் என்று விமர்சகர்கள் பின்னாளில் சுட்டிக்காட்டினார்கள். புதிய முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் சபை 1983-ல் கூடியபோது சபாநாயகரானவர் மைக்கேல் மேடிகன். இடையில் இரண்டே ஆண்டுகள் நீங்கலாக 2021 வரை அந்த இருக்கையை அவர் விடவில்லை. அமைப்பை உடைக்க வந்தவரின் சீர்திருத்தம், அமைப்பிலேயே மிக வலுவான மனிதருக்குப் படியமைத்துக் கொடுத்தது. வெளியிலிருந்து வருபவர்கள் மீது நம்பிக்கை வைக்கும் எவரும் இந்த நிகழ்வை ஒருமுறை நிதானமாக யோசிக்கலாம்.

2014-க்குள் குயின் களைத்துப்போயிருந்தார். அரசு ஊழியர், ஆசிரியர் ஓய்வூதிய நிதிகளின் பற்றாக்குறை 10,000 கோடி டாலரைத் தொட்டிருந்தது. அது அவர் ஒருவர் உண்டாக்கிய கடன் கிடையாது. இரு கட்சி ஆளுநர்களும் பல பத்தாண்டுகளாகச் செலுத்த வேண்டிய பங்கைச் செலுத்தாமல் தள்ளிப்போட்டதன் விளைவு. 1994-ல் போட்ட ஐம்பது ஆண்டுத் திட்டமே சுமையின் பெரும்பகுதியை வருங்காலத்தின் தலையில் ஏற்றிவைத்திருந்தது. குயின் 2011-ல் தனிநபர் வருமான வரியை 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்தினார், தற்காலிகம் என்றார். 2014-ல் அதை நிரந்தரமாக்க வேண்டும் என்றார். சிகாகோவில் வன்முறையைக் குறைப்பதற்காக அவர் தொடங்கிய 5.45 கோடி டாலர் திட்டம் மோசமாக நிர்வகிக்கப்பட்டதாக, தேர்தல் ஆண்டில் மாநிலத் தணிக்கையாளரின் அறிக்கை வெளிவந்தது. நேர்மையானவர் என்று பெயரெடுத்தவருக்கு அந்த அறிக்கை பெரிய அடி.

எதிரே நின்ற ரவுனருக்கு அப்போது 58 வயது. ஹார்வர்டில் நிர்வாகம் படித்துவிட்டு 1981-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் சேர்ந்தவர். ஜி.டி.சி.ஆர். என்ற அந்த நிறுவனப் பெயரின் கடைசி எழுத்து அவருடைய பெயருக்கு உரியது. நிறுவனங்களை வாங்கி, மாற்றியமைத்து, வளர்த்து, லாபத்தில் விற்பது தொழில். பிரச்சார விளம்பரத்தில் 18 டாலர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். சொந்தப் பணத்திலிருந்து 2.5 கோடி டாலருக்கு மேல் தேர்தலில் இறக்கினார். தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டை உலுக்கி எடுப்பேன் என்பது அவருடைய வாக்குறுதி. வென்ற பிறகு ஆண்டுச் சம்பளம் ஒரு டாலர் போதும் என்றார்.

அவர் சொன்னவற்றில் பல நியாயமானவை. சட்டமன்ற உறுப்பினர்களின் பதவிக்காலத்துக்கு வரம்பு வேண்டும் என்று கையெழுத்து இயக்கமே நடத்தினார். 2014-ல் நீதிமன்றம் அதை வாக்குச்சீட்டில் ஏறவிடவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1994-ல், இதே நோக்கத்தோடு கையெழுத்து திரட்டி இதேபோல நீதிமன்றத்தில் தோற்றவர் குயின். ‘பழையவர்’, ‘புதியவர்’ என்று பிரித்து நிறுத்தப்பட்ட இருவரும் ஒரே சீர்திருத்தத்தைக் கேட்டிருக்கிறார்கள். ஒரே சுவரில் மோதியிருக்கிறார்கள். இந்தச் செய்தி பிரச்சார இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை.

இனி, தொழிலதிபரின் அதிகாரம் என்றால் என்ன என்று பார்க்கலாம். நிறுவனம் ஒன்றின் பெரும்பங்கை வைத்திருப்பவரிடம் இரண்டு ஆயுதங்கள் இருக்கின்றன. ஒத்துவராத மேலாளரை மாற்றலாம். தேறாத நிறுவனத்தை விற்றுவிட்டு வெளியேறலாம். பேச்சுவார்த்தை மேசையில் அவர் பேச்சுக்கு மதிப்பு வருவதே, எழுந்து போய்விடக்கூடியவர் என்பதால்தான். ஆளுநரிடம் இந்த இரண்டும் இல்லை. சபாநாயகரை ஆளுநர் நியமிக்கவில்லை, நீக்கவும் முடியாது. அவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் சிகாகோவின் தென்மேற்கே ஒரு தொகுதியின் வாக்காளர்களும் சபை உறுப்பினர்களும். நஷ்டத்தில் ஓடுகிறது என்பதற்காக முதியோர் பராமரிப்பையோ அரசுப் பல்கலைக்கழகத்தையோ விற்றுவிட்டு எழுந்து போகவும் முடியாது. மேசையை விட்டு எழுந்தாலும் மறுநாள் அதே மேசைக்குத்தான் வந்தாக வேண்டும்.

ரவுனர் 2015 ஜனவரி 12 அன்று பதவியேற்றபோது பிரதிநிதிகள் சபையின் 118 இடங்களில் ஜனநாயகக் கட்சியிடம் 71 இருந்தன. ஆளுநரின் தடையை முறியடிக்கத் தேவையானதும் சரியாக 71. செனட்டிலும் 59-க்கு 39 அவர்கள் கையில். ஆக, அவருடைய திட்டத்தில் ஒரு வரியேனும் சட்டமாக வேண்டுமானால் மேடிகன் கட்சியினரின் வாக்கு வேண்டும். அந்த நிலையில் அவர் முன்வைத்தது, தொழிற்சங்கங்களின் கூட்டுப்பேர உரிமையைக் குறைப்பது, பணியிட விபத்து இழப்பீட்டு விதிகளை மாற்றுவது, சொத்துவரியை உறையவைப்பது, பதவிக்கால வரம்பு எனப் பல அம்சங்கள் கொண்ட மாற்றத் திட்டம். தொழிற்சங்கங்கள் ஜனநாயகக் கட்சியின் முதுகெலும்பு. தங்களை வெற்றிபெறவைப்பவர்களைப் பலவீனப்படுத்த அவர்களே வாக்களிக்க வேண்டும் என்று அவர் கேட்டார். அதற்கு ஒப்புக்கொள்ளும்வரை பற்றாக்குறையை அடைக்கும் புது வரிக்கு இசைய மறுத்தார். குயின் கொண்டுவந்த வரி 2015 ஜனவரி முதல் நாளே 3.75 சதவீதமாகக் குறைந்துவிட்டிருந்தது. அதனால் அரசின் வருவாயில் பல நூறு கோடி டாலர் பள்ளம் விழுந்திருந்தது.

நெருக்கடிதான் வாய்ப்பைத் தரும், மாற்றத்தைத் திணிக்கும் பலத்தைத் தரும் என்று பதவியேற்ற சில மாதங்களில் ஒரு நாளிதழின் ஆசிரியர் குழுவிடம் அவர் வெளிப்படையாகவே சொன்னார். சிக்கலில் இருக்கும் கம்பெனியை மறுசீரமைப்பவர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள். கடன்காரர்கள், பங்குதாரர்கள் எல்லோரும் பணத்தை இழக்கும் பயத்தில் மேசைக்கு வருவார்கள். இல்லினாயில் அந்தக் கணக்கு பொய்த்தது. மேடிகனின் தொகுதியில் வலி எதுவும் உறைக்கவில்லை. அவருக்கு அவசரமும் இல்லை. வலி வேறு இடங்களில் போய் இறங்கியது.

2015 ஜூலை 1 அன்று புதிய நிதியாண்டு முழுமையான பட்ஜெட் இல்லாமல் தொடங்கியது. அடுத்த ஆண்டும் அப்படியே. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓர் அமெரிக்க மாநிலம் பட்ஜெட் இல்லாமல் ஓடியது. அரசு முழுவதும் நின்றுவிட்டதா என்றால், இல்லை. அரசு ஊழியர் சம்பளத்தை நீதிமன்ற உத்தரவு காப்பாற்றியது. பள்ளிகளுக்கான ஒதுக்கீட்டில் மட்டும் ரவுனர் கையெழுத்திட்டிருந்தார். பழைய வழக்குகளில் ஒப்புக்கொண்ட கடப்பாடுகளால் மருத்துவ உதவித் திட்டங்கள் பல தொடர்ந்தன. வழக்குப் போட வக்கீல் இல்லாதவர்களும், தெருவில் இறங்கினாலும் தொலைக்காட்சி வராதவர்களும்தான் பட்டினி கிடந்தார்கள். வீட்டில் முடங்கிய முதியோருக்கான உதவி, போதை மீட்பு மையங்கள், குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்கான காப்பகங்கள், வசதியற்ற கல்லூரி மாணவர்களுக்கான உதவித்தொகை ஆகியவற்றுக்குப் பணம் வரவில்லை, அல்லது மாதக்கணக்கில் தாமதமாக வந்தது.

லூத்தரன் சமூக சேவைகள் அமைப்பு அந்த மாநிலத்தின் பெரிய தொண்டு நிறுவனங்களுள் ஒன்று. செய்து முடித்த வேலைக்கு அரசு பணம் தராததால் 2016 ஜனவரியில் 750 பணியிடங்களைக் குறைத்தது. அதன் மொத்தப் பணியாளர்களில் அது நாற்பது சதவீதத்துக்கு மேல். கறுப்பின மாணவர்கள் பெரும்பான்மையாகப் படிக்கும் சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகம் அதே ஆண்டு ஏப்ரலில் 300-க்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து அனுப்பியது. மாநில லாட்டரியில் பரிசு விழுந்தவர்களுக்கே பெரிய தொகைகளைத் தர முடியாமல் அரசு கைவிரித்த மாதங்களும் உண்டு. வென்றவர்கள் நீதிமன்றம் போனார்கள்.

சிக்கனம் பேசி வந்த ஆட்சியில் செலவு கூடியது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். சுமார் 500 கோடி டாலராக இருந்த கட்டப்படாத பில்கள் 2017 இறுதியில் 1,670 கோடி டாலர் வரை ஏறின. தாமதமாகும் பில்களுக்கு மாதம் ஒரு சதவீத வட்டி தர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஆண்டுக்கு 12 சதவீதம்! அந்த வட்டி மட்டுமே 100 கோடி டாலரைத் தாண்டியது. அந்தப் பணத்தில் ஒரு வகுப்பறையும் கட்டப்படவில்லை, ஒரு நோயாளியும் குணமாகவில்லை. தரமதிப்பீட்டு நிறுவனங்கள் மாநிலத்தின் கடன் தகுதியை ஒவ்வொரு படியாக இறக்கின. 2017 ஜூனில் அது, முதலீட்டுக்கு லாயக்கற்றது என்று ஒதுக்கப்படும் தரத்துக்கு ஒரே ஒரு படி மேலே நின்றது.

முடிவில் ஆளுநரைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் தீர்வு வந்தது. வருமான வரியை 4.95 சதவீதமாக உயர்த்தும் மசோதாவை 2017 ஜூலை 4 அன்று ரவுனர் நிராகரித்தார். செனட் அன்றே அந்தத் தடையை முறியடித்தது. ஜூலை 6 அன்று பிரதிநிதிகள் சபை 71-க்கு 42 என்ற கணக்கில் முறியடித்தது. ஆளுநரின் சொந்தக் கட்சியினரே சிலர் அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர்களில் பலர் கிராமப்புறத் தொகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய ஊர்ப் பல்கலைக்கழகமும் ஊர் மருத்துவமனையும் தவித்துக்கொண்டிருந்தன. ரவுனர் பேரம் பேச மறந்த மனிதர்கள் மேடிகனின் பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை. அவருடைய சொந்த வரிசையிலேயே இருந்தார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் செய்தியாளர்களிடம் பேசியபோது, அதிகாரம் தன் கையில் இல்லை, அதைப் பெறத்தான் முயல்கிறேன் என்று ரவுனர் சொன்னார். மாநிலத்தை ஆள்வது மேடிகன்தான் என்பது அவர் வாதம். மூன்றாண்டுகள் ஆளுநராக இருந்தவர் பேசிய பேச்சு இது. எதிரிகள் அதைப் பிடித்துக்கொண்டு கேலி செய்தார்கள். அதில் கேலிக்கு இடமில்லை. முதலாளியாகவே வாழ்ந்தவர், முதலாளியே இல்லாத ஓர் அமைப்பில் வந்து அகப்பட்டுக்கொண்ட வேதனை அதில் இருக்கிறது. அந்த வேதனைக்கான விலையைக் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள் என்பதுதான் மன்னிக்க முடியாதது.

மேடிகனுக்கும் இந்தப் பழியில் பங்குண்டு. தன் கையில் 71 வாக்குகள் இருந்தும் பட்ஜெட்டை நகர்த்தாமல், எதிரியைக் களைத்துப்போகச் செய்யும் ஆட்டத்தை அவர் ஆடினார். ரவுனரால் நன்மையே விளையவில்லை என்பதும் தவறு. வறிய வட்டாரப் பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி கிடைக்கும்படி பள்ளி நிதிப் பகிர்வை மாற்றியமைத்த சட்டத்தில் 2017 ஆகஸ்ட் 31 அன்று அவர் கையெழுத்திட்டார். இல்லினாய் பல பத்தாண்டுகளாகக் காத்திருந்த மாற்றம் அது. இரு கட்சிகளும் விட்டுக்கொடுத்துப் பேசி உருவாக்கிய உடன்பாடு என்பதால்தான் நிறைவேறியது. அந்த வழி முதல் நாளிலிருந்தே அவருக்குத் திறந்திருந்தது.

முதலாளியின் அதிகாரம் உண்மையிலேயே ஆட்சியாளருக்குக் கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலுள்ள மிச்சிகன் மாநிலம் இருக்கிறது. கேட்வே கணினி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புகளில் இருந்த ரிக் ஸ்னைடர் 2010-ல் அங்கே ஆளுநராக வென்றார். கடனில் மூழ்கிய நகரங்களுக்கு அவசரகால மேலாளரை ஆளுநரே நியமிப்பார். தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரும் நகர்மன்றமும் வாய்மூடி இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தை 2012 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். அடுத்த மாதமே, மறுபடி வாக்கெடுப்புக்குப் போக முடியாத வடிவில், புதிய சட்டம் வந்தது. அப்படி ஒரு மேலாளரின் கீழ்தான் ஃபிளின்ட் நகரம் செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் ஆற்று நீருக்கு மாறியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து குழந்தைகளின் ரத்தத்தில் கலந்தது. நிறமும் நாற்றமும் சரியில்லை என்று மக்கள் போத்தல்களில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கூட்டங்களுக்கு வந்தார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அந்த மேலாளருக்கு இல்லை. அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடிக்க அவர்களால் முடியாது. மறுப்பவர்களைக் கடந்து போக வழி கொடுத்தால் நிர்வாகம் வேகமாகும் என்பது உண்மைதான். தவறும் அதே வேகத்தில் பரவும்.

தொழிலதிபர்கள் ஆளவே கூடாது என்ற முடிவுக்கு இதிலிருந்து தாவ வேண்டியதில்லை. செல்போன் தொழிலில் சம்பாதித்த மார்க் வார்னர் 2001-ல் வர்ஜீனியாவின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டமன்றம் எதிர்க்கட்சியிடம். கஜானாவில் பெரும் பள்ளம். மாநிலம் முழுதும் சுற்றி, வணிகர் சங்கங்களிடமும் கிராமத்து உறுப்பினர்களிடமும் கணக்கை விளக்கி, 2004-ல் எதிர்க்கட்சியிலிருந்தே ஒரு பிரிவினரின் வாக்கோடு வரிச் சீரமைப்பை நிறைவேற்றினார். அவர் அரசியலுக்குப் புதியவர் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. 1989-ல் டக்ளஸ் வைல்டரின் ஆளுநர் பிரச்சாரத்தை நடத்தியவர். மாநிலக் கட்சித் தலைவராக இருந்தவர். 1996-ல் செனட் தேர்தலில் நின்று தோற்றவர். தோல்வி அவருக்குக் கொடுத்த பயிற்சி ரவுனருக்குக் கிடைக்கவில்லை. மாசசூசெட்ஸில் மிட் ராம்னியும் எதிர்க்கட்சி ஆதிக்கம் செலுத்திய சட்டமன்றத்தோடு சேர்ந்துதான் 2006-ல் அனைவருக்கும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இருவரும் தொழிலில் கற்ற கணக்கறிவைக் கொண்டுவந்தார்கள். முதலாளி அதிகாரத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

எதிர்த்திசையில் கலிஃபோர்னியா போனது. இபே நிறுவனத்தின் முன்னாள் தலைவர் மெக் விட்மன் 2010-ல் சொந்தப் பணம் 14.4 கோடி டாலரைச் செலவழித்துப் போட்டியிட்டார். எதிரே 72 வயது ஜெர்ரி பிரவுன்; 1975 முதல் 1983 வரை ஏற்கெனவே ஆளுநராக இருந்தவர், பிறகு ஓக்லண்ட் மேயர், அதன்பின் மாநிலத் தலைமை வழக்கறிஞர். மக்கள் பழையவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2,500 கோடி டாலருக்கு மேற்பட்ட பற்றாக்குறையை ஏற்றுக்கொண்ட பிரவுன், 2012-ல் வரி உயர்வை மக்கள் முன்னாலேயே வைத்து வாக்கெடுப்பில் வென்றார். எட்டு ஆண்டு கழித்துப் போகும்போது அவசரகாலச் சேமிப்பு நிதி 1,400 கோடி டாலரை நெருங்கியிருந்தது. பொருளாதாரம் அவருக்குக் கைகொடுத்தது; பட்ஜெட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற பழைய விதி 2010-லேயே தளர்ந்ததும் உதவியது. என்றாலும், எந்த உறுப்பினரை எப்போது அழைத்து எதைப் பேச வேண்டும் என்று தெரிந்த கிழவரின் பங்கைச் சிறிதாக மதிப்பிட முடியாது.

இதனால் அனுபவத்தைத் தெய்வமாக்கிவிடவும் கூடாது. இல்லினாயில் மேடிகனைவிட அனுபவசாலி யாருமில்லை. அந்த அனுபவம் என்ன ஆனது? 2025 பிப்ரவரியில் நடுவர் குழு அவரை லஞ்சம் உள்ளிட்ட குற்றங்களில் குற்றவாளி என்றது. ஜூனில் ஏழரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மாநிலத்தின் பெரிய மின்சார நிறுவனம், தன் மசோதாக்களுக்கு அவர் ஆதரவைப் பெறுவதற்காக, அவருடைய ஆட்களுக்கு வேலையும் பணமும் கொடுத்ததாக வழக்கு. ரவுனர் அவரைப் பற்றிச் சொன்ன புகார்களில் உண்மை இருந்தது. புகார் உண்மையாக இருப்பதும், புகார் சொல்பவருக்கு ஆளத் தெரிவதும் இரு வேறு விஷயங்கள்.

2018-ல் ரவுனரைத் தோற்கடித்தவரும் பணக்காரர்தான் என்பது இந்தக் கதையை மேலும் சிக்கலாக்குகிறது. ஹயாட் ஹோட்டல் குடும்பத்து வாரிசான ஜே.பி. பிரிட்ஸ்கர் சொந்தப் பணம் 17 கோடி டாலருக்கு மேல் கொட்டினார். விட்மனின் சாதனை முறியடிக்கப்பட்டது. ஏறக்குறைய 16 சதவீத வித்தியாசத்தில் வென்றார். பட்ஜெட்டுகள் உரிய காலத்தில் நிறைவேறின. குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராகப் படிப்படியாக உயர்த்தும் சட்டம் வந்தது. 2021-ல், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக, மாநிலத்தின் கடன் தகுதி உயர்த்தப்பட்டது. இதையெல்லாம் அவருடைய தனித் திறமையாக மட்டும் எழுதிவிட முடியாது. சட்டமன்றம் அவர் கட்சியிடம் இருந்தது; கொரோனா காலத்தில் மத்திய அரசின் நிதி கொட்டியது. வசதியானவர்களுக்கு வரிவிகிதத்தைக் கூட்டும் அரசமைப்புத் திருத்தத்துக்காக 2020-ல் அவர் 5 கோடி டாலருக்கு மேல் சொந்தப் பணத்தைச் செலவழித்தும், மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகும் அவர் அரசாங்கத்தை முடக்கவில்லை. கையில் இருந்ததை வைத்து அடுத்த பட்ஜெட்டைப் போட்டார். ரவுனரிடமிருந்து அவரை வேறுபடுத்திக் காட்டுவது இந்த ஒரு நடத்தைதான்.

ஆகவே பதவிக்கு வரத் துடிக்கும் தொழிலதிபரிடம், எத்தனை பேருக்கு வேலை கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டால் போதாது. உங்கள் திட்டத்துக்கு எந்தெந்தத் தொகுதி உறுப்பினர்களின் வாக்கு வேண்டும், அதற்கு ஈடாக அவர்களுக்கு எதைக் கொடுப்பீர்கள், அவர்கள் மறுத்தால் யாருடைய நிதி முதலில் நிற்கும் என்று கேட்க வேண்டும். ரவுனரிடம் 2014-ல் இந்த மூன்றாவது கேள்வியை யாராவது விடாமல் கேட்டிருந்தால், அவர் நேர்மையாகப் பதில் சொல்லியிருந்தால், வாக்குகள் வேறு மாதிரி விழுந்திருக்கக்கூடும். நீண்ட காலம் பதவியில் இருப்பவரிடம் கேட்க வேண்டியது இன்னொன்று: இத்தனை ஆண்டுகளில் எந்தெந்த பில்லை அடுத்தவர் கட்டட்டும் என்று தள்ளிவைத்தீர்கள்? குயினிடம் இதைக் கேட்டிருந்தால் அவருக்கும் வியர்த்திருக்கும்.

ஒரு காலத்தில் வெளியாளாக வந்த பிரிட்ஸ்கர் இப்போது பழைய முகம். 2025 ஜூனில், மூன்றாவது முறையும் போட்டியிடுவதாக அவர் அறிவித்தார். ஓய்வூதியக் கடன் 14,000 கோடி டாலருக்கு மேல் நிற்கிறது. 1994-ல் போட்ட திட்டப்படி 2045 வரை ஒவ்வோர் ஆண்டும் கூடிக்கொண்டே போகும் தவணைகளைக் கட்டியாக வேண்டும். ஓய்வூதியத்தைக் குறைப்பதை மாநில அரசமைப்பே தடுக்கிறது, அப்படி ஒரு முயற்சியை 2015-ல் மாநில உச்ச நீதிமன்றமும் ரத்து செய்துவிட்டது. அந்தத் தவணைகளுக்கு எந்த வரி, எந்தச் செலவுக் குறைப்பு, அதற்கு சபையில் எந்த 60 வாக்குகள் என்பதை பிரிட்ஸ்கரும், அவரை வீழ்த்த வருபவரும் பிரச்சாரத்தின் நடுவிலேயே எண்ணோடு எழுதிக் கொடுக்க வேண்டும். சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அன்று வேலையிழந்தவர்களுக்காவது அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.